பழைய லேப்டாப்பில் லினக்ஸ் பூட் ஆகவில்லையா? எந்த ஸ்டாப்பில் நின்றது என்று பாருங்கள்

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்ற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் அநேகமாக எட்டாம் தலைமுறைச் சிப்பாவது வேண்டும். சும்மா இருந்த பழைய லேப்டாப்புகள் எல்லாம் எங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பரண்களிலிருந்து இறங்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். "லினக்ஸ் போட்டா ஓடுமாமே?" என்று, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இந்த இலவச இயங்குதளத்தைப் பற்றி ஆளாளுக்குக் கேட்டார்கள். ஓடும். ஆனால் ஆன் செய்ததும் எழுந்து ஓட ஆரம்பிக்கும் வரைக்கும், அதாவது பூட் ஆகும் வரைக்கும்தான் பாடு.

உசிலம்பட்டியிலிருந்து அக்கா மகன் வந்தான். மஞ்சப்பைக்குள் பன்னிரண்டு வயதான ஒரு லேப்டாப். பேட்டரி செத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது, சார்ஜர் செருகினால்தான் உயிர்.

"மாமா, நாலு லினக்ஸ் மாத்திப் பாத்துட்டேன். ராத்திரி இன்ஸ்டால் பண்ணா நல்லா ஓடுது. காலைல ஆன் பண்ணா பூட் ஆக மாட்டேங்குது."

"எது வரைக்கும் வந்து நிக்குது மாப்ள?"

"அதான் சொல்றேனே மாமா, பூட் ஆகல."

இந்தப் பதிலில்தான் எல்லாச் சிக்கலும் இருக்கிறது. மதுரை ஆரப்பாளையத்தில் பஸ் ஏறியவன் உசிலம்பட்டி வந்து சேரவில்லை என்றால் நாம் என்ன கேட்போம்? நாகமலைப் புதுக்கோட்டை தாண்டினானா, செக்கானூரணி தாண்டினானா என்று கேட்போம். அவனுக்குச் சட்டையை மாற்றிவிட்டு மறுபடியும் ஆரப்பாளையத்தில் ஏற்றிவிட மாட்டோம். உபுண்டு என்கிற லினக்ஸ் ரகம் பூட் ஆகவில்லை என்றதும் மின்ட்டை இறக்குவதும், மின்ட் ஆகவில்லை என்றதும் ஃபெடோராவை இறக்குவதும் சட்டை மாற்றுகிற வேலைதான்.

லேப்டாப் பூட் ஆகிற வழியில் நாலு ஸ்டாப் உண்டு. பவர் பட்டனை அழுத்தியதும் போர்டில் இருக்கும் பயாஸ் என்கிற தொடக்க மென்பொருள் விழித்து ராம், டிஸ்க், கீபோர்டு எல்லாம் இருக்கிறதா என்று பார்க்கிறது. அது கிரப் என்கிற பூட்லோடரைத் தேடிக் கூப்பிடுகிறது. கிரப் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை ராமுக்குள் ஏற்றுகிறது. கெர்னல் ஹார்டுவேரை எல்லாம் எழுப்பிவிட்டு டிஸ்க்கில் லினக்ஸ் இருக்கும் பகுதியான ரூட் பார்ட்டிஷனைத் திறக்க, அதிலிருந்து டெஸ்க்டாப் வருகிறது. திரையில் கடைசியாக என்ன தெரிந்தது என்பதை வைத்து வண்டி எந்த ஸ்டாப்பில் நின்றது என்று சொல்லிவிடலாம். அதனால் முதல் கருவி உங்கள் மொபைல் கேமராதான். திரையில் எது வந்தாலும் படம் எடுத்து வையுங்கள். வேகமாக ஓடும் வரிகளை வீடியோ எடுத்தால் அப்புறம் நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம்.

தொடங்கும் முன்

டிஸ்க்கில் கல்யாணப் படம், பிள்ளைகளின் சான்றிதழ் என்று ஏதாவது இருந்தால் முதலில் வெளியே எடுங்கள். விண்டோஸ் திறக்காவிட்டாலும் லினக்ஸை இன்ஸ்டால் செய்யாமலே பென்டிரைவிலிருந்து 'லைவ்' முறையில் ஓடவிட்டு, கோப்புகளை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்கலாம். விண்டோஸை வழக்கம்போல ஷட் டவுன் செய்திருந்தால், அதன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி பார்ட்டிஷனைப் பாதி தூக்கத்தில் விட்டிருக்கும். லினக்ஸ் அதில் எழுத மறுக்கும், சமயத்தில் திறக்கவே மறுக்கும். ஷிஃப்ட் பட்டனைப் பிடித்துக்கொண்டு ஷட் டவுன் கொடுத்தால் முழுதாக அணையும்.

அப்புறம் கரண்ட். பழைய லேப்டாப்பின் பேட்டரியை நம்பக் கூடாது. மின்வாரியத்தின் மாதாந்திர பராமரிப்பு மின்தடை உங்கள் ஏரியாவுக்கு என்றைக்கு என்று பார்த்துக்கொள்ளுங்கள். காலையில் போனால் சாயங்காலம்தான் வரும். இன்ஸ்டால் பாதியில் இருக்கும்போது கரண்ட் போனால், கீழே சொல்லப்போகும் கோளாறுகளில் பாதி ஒரே நாளில் வந்து சேரும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அந்த பிளக்கில் செருகுங்கள்.

லேப்டாப்பின் வயதைக் கண்டுபிடியுங்கள்

மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். விண்டோஸ் 8 வெளிவந்தது 2012 அக்டோபரில். விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பிந்தைய ஸ்டிக்கர் இருந்தால், அந்த லேப்டாப் யூஈஎஃப்ஐ என்கிற புதிய முறையில் பூட் ஆகும்படி விற்கப்பட்டது. கையெழுத்தில்லாத மென்பொருளைப் பூட் ஆக விடாத செக்யூர் பூட் என்கிற பூட்டும் அதில் இருக்கும். விண்டோஸ் 7 ஸ்டிக்கர் என்றால் பெரும்பாலும் பழைய லெகஸி முறை. இரண்டையும் செய்யத் தெரிந்த இடைக்கால லேப்டாப்புகளும் நிறைய உண்டு. அதிகம் குழப்புவது அவைதான்.

அடுத்து சிப் 32 பிட்டா 64 பிட்டா என்பது. கோர் 2 டுவோ, ஐ3, ஐ5 எல்லாம் 64 பிட், கவலை இல்லை. பென்டியம் எம், ஆரம்பகால ஆட்டம் சிப் போட்ட குட்டி லேப்டாப்புகளில் பல 32 பிட்தான். அவற்றில் 64 பிட் லினக்ஸ் எழுதிய பென்டிரைவைப் போட்டால், இந்தக் கெர்னலுக்கு வேறு சிப் வேண்டும் என்ற பொருளில் ஒரே ஒரு வரி வந்து நிற்கும். அது பென்டிரைவின் தப்பில்லை. உபுண்டு 2017-இல் வந்த 17.10-இலேயே 32 பிட் டெஸ்க்டாப் ஐஎஸ்ஓவை, அதாவது இன்ஸ்டால் செய்ய இறக்கும் கோப்பை, நிறுத்திவிட்டது. இன்னொரு லினக்ஸ் ரகமான டெபியன் 13-இல் 32 பிட் இன்ஸ்டாலரே இல்லை. டெபியன் 12, ஆன்டிஎக்ஸ் ஆகியவற்றில் 32 பிட் கிடைக்கும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. 2013, 2014 வாக்கில் வந்த சில ஆட்டம் லேப்டாப்புகளில் சிப் 64 பிட், யூஈஎஃப்ஐ மட்டும் 32 பிட். இதில் சாதாரண உபுண்டு பென்டிரைவ் பூட் மெனுவிலேயே தெரியாது. டெபியன் இந்த ரகத்தையும் நினைத்து ஐஎஸ்ஓ செய்கிறது, அதைப் போடுங்கள்.

ராம் 2 ஜிபி என்றால் மின்ட்டின் இலகுவான பதிப்பான எக்ஸ்எஃப்சிஇ தொட்டும் தொடாமலும் ஓடும், அதற்கும் கீழே என்றால் ஆன்டிஎக்ஸ். 4 ஜிபி இருந்தால் மின்ட்டே போதும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் மின்ட்டைத்தான் சொல்வேன். பழுது பார்க்கும் கருவிகள் அதன் பென்டிரைவிலேயே கூட வருவதுதான் காரணம்.

பென்டிரைவ்: பாதி பேர் விழும் இடம்

பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் நடைபாதையில் வாங்கிய 64 ஜிபி பென்டிரைவ் நிஜத்தில் 4 ஜிபியாகவும் இருக்கலாம். மேலே எழுதியிருக்கும் அளவைத்தான் கம்ப்யூட்டரும் காட்டும். எழுதிப் பார்த்தால்தான் சாயம் வெளுக்கும். அப்படிப்பட்ட பென்டிரைவில் மெனு நன்றாக வரும், அதற்கு அப்புறம் ஸ்குவாஷ்எஃப்எஸ் பிழை என்று வரிவரியாகக் கொட்டும். நல்ல கடையில் வாங்கிய 8 ஜிபி போதும்.

ஐஎஸ்ஓவை இறக்கியதும் அதன் ஷா256 என்கிற சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் கொடுத்திருப்பதோடு ஒத்துப் பாருங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் மூன்று ஜிபி இறக்கும்போது நடுவில் அறுந்திருக்க வாய்ப்பு உண்டு. இந்த ஐந்து நிமிட வேலையைச் சோம்பல்பட்டு விட்டுவிட்டு நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையையே தொலைத்திருக்கிறேன்.

ஐஎஸ்ஓ கோப்பை அப்படியே பென்டிரைவில் காப்பி செய்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் செயலி கொண்டு எழுத வேண்டும். ரூஃபஸில் பார்ட்டிஷன் ஸ்கீம் என்று கேட்கும் இடத்தில், லேப்டாப் லெகஸி என்றால் எம்பிஆர், யூஈஎஃப்ஐ மட்டும் என்றால் ஜிபிடி. எழுதத் தொடங்கும்போது ஐஎஸ்ஓ முறையா, டிடி முறையா என்று கேட்கும். முதலில் ஐஎஸ்ஓ முறை. அதில் வராவிட்டால் டிடி முறை. டிடியில் எழுதியபின் அந்தப் பென்டிரைவை விண்டோஸில் செருகினால் "ஃபார்மேட் செய்யட்டுமா?" என்று கேட்கலாம். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிடுங்கிவிடுங்கள்.

எழுதிய பென்டிரைவை வேறொரு கம்ப்யூட்டரில் ஒருமுறை பூட் செய்து பாருங்கள். அங்கே வந்தால் பென்டிரைவ் மேல் பழி இல்லை.

முதல் ஸ்டாப்: பென்டிரைவையே கண்டுகொள்ளவில்லை

லோகோ வந்தது, நேராக விண்டோஸுக்குப் போய்விட்டது. அல்லது "நோ பூட்டபிள் டிவைஸ்" என்றது. வண்டி ஆரப்பாளையத்தை விட்டே கிளம்பவில்லை என்று பொருள்.

பூட் மெனு பட்டன் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். டெல், லெனோவா, தோஷிபா எஃப்12; ஹெச்பி என்றால் எஸ்கேப் தட்டி எஃப்9; ஆசுஸ் எஸ்கேப். லெனோவா ஐடியாபேடுகள் பலவற்றில் பவர் பட்டன் பக்கத்தில் ஊசி நுழையும் அளவில் ஒரு நோவோ பட்டன் இருக்கும். ஏசரில் எஃப்12 இருந்தாலும் பல மாடல்களில் அதை அணைத்தே வைத்திருப்பார்கள். எஃப்2 அழுத்தி பயாஸுக்குள் போய் அதை இயக்க வேண்டும். பவர் போட்ட கணத்திலிருந்து பட்டனை டொக் டொக்கென்று தட்டிக்கொண்டே இருங்கள். அழுத்திப் பிடித்தால் சில லேப்டாப்புகள் கோபித்துக்கொள்ளும்.

மெனு வருகிறது, பென்டிரைவ் அதில் இல்லை என்றால் வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். பழைய பயாஸ் சிலவற்றுக்கு நீல நிற யூஎஸ்பி 3 போர்ட் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பு போர்ட்டில் போட்டதும் வந்துவிடும். அதற்கும் வரவில்லை என்றால் பயாஸில் ஃபாஸ்ட் பூட்டை அணையுங்கள், யூஎஸ்பி பூட் இயங்குகிறதா என்று பாருங்கள், பூட் மோடை யூஈஎஃப்ஐயிலிருந்து லெகஸிக்கோ திருப்பியோ ஒருமுறை மாற்றிப் பாருங்கள். எதை மாற்றினாலும் முன்பு என்ன இருந்தது என்று ஒரு படம்.

சில பூட் மெனுக்களில் ஒரே பென்டிரைவ் இரண்டு தடவை தெரியும்: ஒன்றின் முன்னால் யூஈஎஃப்ஐ என்று இருக்கும், மற்றொன்றில் இருக்காது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. எதைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ அந்த முறையிலேயே லினக்ஸ் இன்ஸ்டால் ஆகும். இதை நினைவில் வையுங்கள், திரும்பி வருவோம்.

பென்டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் சிவப்புப் பெட்டியில் செக்யூர் பூட் மீறல் என்று வந்தால் அந்தப் பூட்டை பயாஸில் அணைக்க வேண்டும். உபுண்டு, மின்ட், ஃபெடோரா, டெபியன் எல்லாம் கையெழுத்திட்ட ஷிம் என்ற கோப்போடுதான் வருகின்றன, பூட்டு இருந்தாலும் வர வேண்டும். ஆனால் 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் அப்டேட் பழைய ஷிம்களைச் செல்லாது என்று ஆக்கிவிட்டது. அந்த அப்டேட் ஏறிய லேப்டாப்பில் பழைய ஐஎஸ்ஓ போட்டால் எஸ்பாட் சரிபார்ப்பு தோற்றது என்று சொல்லி அணைந்துவிடும். புது ஐஎஸ்ஓ இறக்குங்கள், இல்லை பூட்டை அணையுங்கள். ஏசரில் செக்யூர் பூட் வரி மங்கலாக, மாற்ற முடியாதபடி இருக்கும். முதலில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு ஒன்றை வைத்தால்தான் திறக்கும். வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை எடுத்துவிடுங்கள். மறந்துபோனால் அது தனிப் பஞ்சாயத்து.

இரண்டாவது, மூன்றாவது ஸ்டாப்: மெனு வந்தது, அப்புறம் கறுப்பு

லினக்ஸ் மெனு வந்துவிட்டால் பயாஸும் பென்டிரைவும் பெரும்பாலும் நல்லபடியாக இருக்கின்றன என்று பொருள். அதற்கு அப்புறம் திரை கறுத்துப்போனால் சந்தேகம் கிராபிக்ஸ் மேல். பழைய என்விடியா, ஏஎம்டி கார்டு உள்ள லேப்டாப்புகளில் இது சகஜம். லினக்ஸ் உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும், படம்தான் வராது.

மின்ட் மெனுவில் 'கம்பாட்டிபிலிட்டி மோட்', உபுண்டுவில் 'சேஃப் கிராபிக்ஸ்' என்ற வரி இருக்கும். அதில் போங்கள். அப்படி ஒரு வரி இல்லாவிட்டால் மெனுவில் முதல் வரியின் மேல் நின்று 'ஈ' எழுத்தை அழுத்துங்கள். உள்ளே லினக்ஸ் என்று தொடங்கும் நீளமான வரி ஒன்று இருக்கும். அதன் கடைசிப் பக்கம் கொயட் ஸ்பிளாஷ் என்ற இரண்டு சொற்கள். அவற்றை அழித்துவிட்டு அந்த இடத்தில் நோமோட்செட் என்று தட்டுங்கள். நோ, மோட், செட் மூன்றும் இடைவெளி இல்லாமல் ஒட்டி, சின்ன எழுத்துகளில். எஃப்10 அல்லது கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்தினால் பூட் ஆகும். இந்தத் திருத்தம் அந்த ஒரு தடவைக்கு மட்டும்தான். அதனால் பயப்படாமல் சோதிக்கலாம்.

கொயட் ஸ்பிளாஷை எடுப்பது ஏன் என்றால், அந்த இரண்டும்தான் உள்ளே நடப்பதை லோகோ போட்டு மறைக்கின்றன. எடுத்துவிட்டால் கெர்னல் தான் செய்வதையெல்லாம் வரிவரியாகச் சொல்லும். நின்ற இடத்தில் கடைசி நாலைந்து வரிகளைப் படியுங்கள். பவரை நிர்வகிக்கும் ஏசிபிஐ பற்றிப் புலம்பிவிட்டு உறைந்தால் ஏசிபிஐ சமக்குறி ஆஃப் என்று அதே வரியில் சேர்த்துப் பார்க்கலாம். ஆனால் அதில் பேட்டரி அளவு காட்டாது, சரியாக அணையாது. நோயைக் கண்டுபிடிக்க மட்டும் பயன்படுத்துங்கள். ஏடிஏ, ஐ/ஓ பிழை என்று திரும்பத் திரும்ப வந்தால் ஹார்ட்டிஸ்க் அழுகிறது என்று அர்த்தம்.

நோமோட்செட்டும் ஊன்றுகோல்தான். அதை வைத்துக்கொண்டே ஓட்டினால் திரை மங்கலாகவோ பெரிது பெரிதாகவோ தெரியும், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்க முடியாது, வீடியோ தத்தளிக்கும். இன்ஸ்டால் முடிந்ததும் டிரைவர் மேனேஜரைத் திறந்து உரிய டிரைவரைப் போட்டுவிட்டு ஊன்றுகோலைக் கீழே வையுங்கள்.

இன்ஸ்டாலருக்கு ஹார்ட்டிஸ்க்கே தெரியவில்லை

லைவ் டெஸ்க்டாப் அழகாக வந்துவிட்டது. இன்ஸ்டால் போட்டால் டிஸ்க் பட்டியல் காலி. பயாஸில், டிஸ்க்கோடு எப்படிப் பேசுவது என்பதைச் சொல்லும் சாட்டா மோட் என்ற வரியைப் பாருங்கள். ரெய்டு அல்லது இன்டெல் ஆர்எஸ்டி என்று இருந்தால் ஏஹெச்சிஐ என்று மாற்றுங்கள். பெரும்பாலும் அத்தோடு தீரும்.

ஒரே எச்சரிக்கை: விண்டோஸையும் வைத்துக்கொள்ளப்போகிறீர்கள் என்றால் இதை நேரடியாக மாற்றாதீர்கள், விண்டோஸ் நீலத் திரையில் விழும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் பூட் ஆகும்படி அமைத்துவிட்டு, ரீஸ்டார்ட்டில் பயாஸுக்குப் போய் ஏஹெச்சிஐ ஆக்கி, சேஃப் மோடுக்குள் ஒருமுறை போய்விட்டு, பழையபடி சாதாரண முறைக்குத் திரும்ப வேண்டும்.

பயாஸிலேயே டிஸ்க் தெரியவில்லையா? ஒன்று கேபிள், இல்லை டிஸ்க் போய்விட்டது. தெரிகிறது ஆனால் இழுக்கிறது என்றால் லைவ் டெஸ்க்டாப்பில் 'டிஸ்க்ஸ்' செயலியைத் திறந்து ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க்கின் உடல்நிலைக் குறிப்பைப் பாருங்கள். ரீஅலொகேட்டட் செக்டர், பென்டிங் செக்டர் என்ற இரண்டு வரிகளிலும் பூஜ்ஜியம் இருப்பது நல்லது. பென்டிங் எண் நாளுக்கு நாள் ஏறினால் அந்த டிஸ்க்கில் இன்ஸ்டால் செய்வது மணலில் வீடு கட்டுவதுதான். பழைய லேப்டாப்புக்கு நாம் செய்யக்கூடிய ஒரே உருப்படியான செலவு 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்பது என் கட்சி. டவுன்ஹால் ரோடு பக்கம் போனால் வாங்கிக்கொண்டு அன்றைக்கே வந்து மாட்டிவிடலாம்.

இன்ஸ்டால் செய்யும்போது இரண்டே இரண்டு கேள்வி

முதலாவது: லைவ் இப்போது எந்த முறையில் ஓடிக்கொண்டிருக்கிறது? ஃபைல் மேனேஜரில் ஃபைல் சிஸ்டத்தைத் திறந்து, சிஸ் ஃபோல்டருக்குள் ஃபர்ம்வேர் ஃபோல்டருக்குப் போங்கள். அதற்குள் ஈஎஃப்ஐ என்ற ஃபோல்டர் இருந்தால் யூஈஎஃப்ஐ முறை. இல்லையென்றால் லெகஸி. ஏற்கெனவே விண்டோஸ் இருந்து, அதையும் வைத்துக்கொள்வதாக இருந்தால், விண்டோஸ் எந்த முறையோ அதே முறையில்தான் லினக்ஸும் போக வேண்டும். ஒரு வீட்டில் இரண்டு சமையல் நடந்தால் ஒன்றின் கண்ணுக்கு மற்றது தெரியாது.

யூஈஎஃப்ஐ என்றால் டிஸ்க்கில் ஃபேட்32 வடிவத்தில் ஒரு ஈஎஃப்ஐ பார்ட்டிஷன் கட்டாயம். புதிதாகச் செய்தால் 512 எம்பி கொடுங்கள். லெகஸி முறையில் ஜிபிடி டிஸ்க் என்றால் 1 எம்பி அளவில், ஃபார்மேட் செய்யாத ஒரு பயாஸ் பூட் பார்ட்டிஷன் வேண்டும். டிஸ்க் முழுவதையும் லினக்ஸுக்கே கொடுக்கிறீர்கள் என்றால் இன்ஸ்டாலரே பார்த்துக்கொள்ளும்.

இரண்டாவது: பூட்லோடர் எங்கே போகிறது? பார்ட்டிஷனை நாமே பிரிக்கும் பக்கத்தின் அடியில் ஒரு சின்னப் பட்டியல் இருக்கும், யாரும் அதைத் தொடுவதில்லை. அதில் லேப்டாப்பின் டிஸ்க் இருக்க வேண்டும், பென்டிரைவ் இருக்கக் கூடாது. லெகஸி முறையில் பார்ட்டிஷன் எண் எதுவும் ஒட்டாத முழு டிஸ்க்கின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். "பென்டிரைவ் செருகியிருந்தால் லினக்ஸ் வருகிறது, எடுத்தால் வரமாட்டேன் என்கிறது" என்று யாராவது சொன்னால் லேப்டாப்பைப் பார்க்காமலே சொல்லிவிடலாம், கிரப் பென்டிரைவில் போய் உட்கார்ந்துவிட்டது.

இன்ஸ்டால் முடிந்தது, ஆனாலும் வரவில்லை

இங்கே கைவசம் இருக்க வேண்டியது பூட் ரிப்பேர் என்ற கருவி. மின்ட் பென்டிரைவின் லைவ் மெனுவில் நிர்வாகப் பகுதியில் கூடவே வருகிறது. எந்த முறையில் இன்ஸ்டால் செய்தீர்களோ அதே முறையில் லைவை பூட் செய்து, இணையம் கொடுத்து, பரிந்துரைக்கும் பழுதுபார்ப்பு (ரெகமெண்டட் ரிப்பேர்) என்ற பெரிய பட்டனை அழுத்தினால் கிரப்பைத் திரும்பப் போட்டுத் தரும். முறை மாறி பூட் செய்துவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினால் இருந்த குழப்பத்தோடு இன்னொன்றும் சேரும்.

நேராக விண்டோஸுக்கே போகிறதா? பயாஸில் பூட் வரிசையைத் திறந்து உபுண்டு என்ற பெயரை மேலே ஏற்றுங்கள். மின்ட் போட்டிருந்தாலும் பெயர் உபுண்டு என்றே இருக்கலாம். ஏசரில் அதற்கும் முன்னால், அதே சூப்பர்வைசர் பாஸ்வேர்டு போட்டு, ஷிம் கோப்பை நம்பகமானது என்று பயாஸிலேயே குறிக்க வேண்டிவரும். வரிசையை மாற்றினாலும் கேட்காமல் விண்டோஸின் கோப்பை மட்டும் தேடிப்போகும் பயாஸ்களும் உண்டு. பூட் ரிப்பேரின் கூடுதல் அமைப்புகளில் பொதுவான ஈஎஃப்ஐ கோப்பைப் பயன்படுத்தச் சொல்லிப் பாருங்கள்.

'கிரப் ரெஸ்க்யூ' என்ற தனி வரியோடு நிற்கிறதா? கிரப்பின் தலை இருக்கிறது, உடம்பைக் காணோம். விண்டோஸுக்குள்ளிருந்து யாரோ "இந்தப் பார்ட்டிஷன் எதற்கு?" என்று லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தாலோ, பார்ட்டிஷன் எண்கள் மாறினாலோ இப்படி ஆகும். பார்ட்டிஷன் உயிரோடு இருந்தால் பூட் ரிப்பேர் தீர்க்கும். இல்லையென்றால் மறு இன்ஸ்டால்தான்.

கெர்னல் பேனிக் வந்து, ரூட்டை மவுன்ட் செய்ய முடியவில்லை என்கிறதா? பெரும்பாலும் ஒரு அப்டேட் பாதியில் நின்றிருக்கும், அல்லது பூட் பார்ட்டிஷன் நிரம்பியிருக்கும். லெகஸியில் ஷிஃப்டைப் பிடித்தபடி, யூஈஎஃப்ஐயில் எஸ்கேப் தட்டி கிரப் மெனுவை வரவழைத்து, கூடுதல் தேர்வுகள் என்ற வரிக்குள் பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போய்விட்டால் தேவையில்லாத கெர்னல்களை நீக்கிவிட்டு அப்டேட்டை மறுபடி ஓடவிடலாம்.

பிஸிபாக்ஸ் என்றும் இனிட்ராம்எஃப்எஸ் என்றும் போட்டு ஒரு கட்டளை வரி வருகிறதா? நம்ம ஊரில் நான் அதிகம் பார்த்தது இதைத்தான். கரண்ட் போய் லேப்டாப் பொசுக்கென்று அணைந்தால் ரூட் பார்ட்டிஷனில் கணக்கு உதைக்கும். லைவில் பூட் செய்து ஜிபார்ட்டட் செயலியைத் திறந்து, அந்தப் பார்ட்டிஷனில் வலது கிளிக் செய்து 'செக்' கொடுத்து நிறைவேற்றுங்கள். ஒருமுறை வந்தால் கரண்ட்டின் வேலை. வாரம் ஒருமுறை வந்தால் ஸ்மார்ட் விவரத்தைத் திரும்பப் பாருங்கள்.

ஒரு தடவை ஒரு மாதிரி, இன்னொரு தடவை வேறு மாதிரி

ஒவ்வொரு தடவையும் வேறு வேறு இடத்தில் நின்றால் மென்பொருளை விட்டுவிட்டு இரும்பைப் பாருங்கள். ராமைக் கழற்றி, அதன் தங்கநிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசியைத் தட்டி, திரும்ப 'கிளிக்' என்று கேட்கும்படி பூட்டுங்கள். இரண்டு ராம் இருந்தால் ஒவ்வொன்றாக மாட்டிப் பாருங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்டை ஒரு ராத்திரி முழுக்க ஓடவிட்டால் சந்தேகம் தீரும். ராம் கூட்டுவதாக இருந்தால் டிடிஆர்3, டிடிஆர்3எல் வித்தியாசம் பார்த்து வாங்குங்கள். முன்னது 1.5 வோல்ட், பின்னது 1.35. நாலாம் தலைமுறை இன்டெல் லேப்டாப்புகள் அநேகமாக எல் வகையைத்தான் ஏற்கும்.

சித்திரை வெயிலில் பத்து வருடத் தூசியோடு ஃபேன் சுற்றும் லேப்டாப், இன்ஸ்டால் எழுபது சதவீதத்தில் இருக்கும்போது சூடு தாங்காமல் தானாக அணைவதும் உண்டு. ஃபேனைத் துடைத்துவிட்டு, சிப்புக்கு மேல் காய்ந்துபோன பேஸ்டை மாற்றிவிட்டு, விடிகாலையில் இன்ஸ்டால் செய்யுங்கள். மெத்தை மேல் மட்டும் வைக்காதீர்கள்.

மருமகனின் லேப்டாப்

சரி, உசிலம்பட்டிக்கு வருவோம். ராத்திரி இன்ஸ்டால் செய்தால் ஓடுகிறது, ரீஸ்டார்ட் கொடுத்தாலும் ஓடுகிறது, காலையில் மட்டும் "நோ பூட்டபிள் டிவைஸ்". அதாவது முதல் ஸ்டாப். கிரப், கெர்னல், ஹார்ட்டிஸ்க் எதன் மேலும் தப்பில்லை.

பயாஸுக்குள் போய்ப் பார்த்தேன். தேதி பல வருடம் பின்னால், ஜனவரி ஒன்று என்று இருந்தது.

"ராத்திரி சார்ஜரைப் பிடுங்கிருவியா?"

"ஆமா மாமா, அம்மா திட்டும். கரண்ட் பில்லு."

அவ்வளவுதான். பெரிய பேட்டரி செத்த லேப்டாப்பில் சார்ஜரையும் பிடுங்கினால், பயாஸ் அமைப்புகளைக் காப்பாற்ற மிச்சமிருப்பது போர்டில் இருக்கும் காசு அளவு சிமோஸ் பேட்டரி ஒன்றுதான். அதுவும் செத்திருந்தது. அதனால் ஒவ்வொரு காலையும் பயாஸ் எல்லாவற்றையும் மறந்து, பிறந்தபோது இருந்த லெகஸி முறைக்குத் திரும்பிவிட்டது. அவனோ யூஈஎஃப்ஐ முறையில் இன்ஸ்டால் செய்திருந்தான். நாலு லினக்ஸும் டிஸ்க்கில் நல்லபடியாகத்தான் உட்கார்ந்திருந்தன. பாவம், கூப்பிட ஆள் இல்லை.

அடி மூடியைக் கழற்றி சிஆர்2032 பேட்டரி ஒன்றை மாற்றினேன். அவனுடையதில் ஹோல்டரில் சும்மா செருகியிருந்தது; சில லேப்டாப்புகளில் ஒயரோடு சுருட்டி ஒட்டியிருக்கும், அதே மாதிரி ஒயர் உள்ளதாகவே வாங்க வேண்டும். தேதியையும் நேரத்தையும் சரிசெய்தேன். தேதி தப்பாக இருந்தால் பூட் ஆன பிறகும் இணையத்தளங்கள் சான்றிதழ் பிழை காட்டும், அப்டேட் இறங்காது. பூட் மோடை யூஈஎஃப்ஐ ஆக்கிச் சேமித்து, சார்ஜரைப் பிடுங்கி, சாப்பிட்டுவிட்டு வந்து ஆன் செய்தோம். அவன் கடைசியாகப் போட்டிருந்த மின்ட் அப்படியே வந்தது, மறு இன்ஸ்டால் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அவன் பஸ் ஏறுவதற்கு முன், பழைய காலண்டர் தாளில் ஒரு துண்டு கிழித்து "யூஈஎஃப்ஐ, செக்யூர் பூட் ஆஃப், ஏஹெச்சிஐ, பூட் மெனு எஃப்12, பேட்டரி மாற்றிய தேதி" என்று எழுதி, லேப்டாப்பின் அடியில் செல்லோ டேப்பால் ஒட்டிவிட்டேன்.